லைன்ல இருங்க

அத்தியாயம் 14

போன அத்தியாயத்தை எங்கள் நாய் கமாவின் கழுத்துப்பட்டை காணாமல் போனதோடு நிறுத்தியிருந்தேன். அது கிடைத்துவிட்டது.

காலை எட்டு மணிக்குச் சின்னவன் அதைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜைமேல் வைத்தான். அழுக்காகிவிட்டதென்று துவைத்துப் போட்டிருந்தானாம். தொட்டுப் பார்த்தேன். நனைந்து காய்ந்த தோல் விறைத்துப் போகும். இது விறைக்கவில்லை. பெரியவள்தான் அதை எடுத்து மோந்து பார்த்தாள்.

"சோப்பு வாசனையே காணோமே."

"வாசனை இல்லாத சோப்பு," என்றான்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். என் கணவர் இருபத்தாறு வருடம் சின்ன நாய்களைப் பொறுக்கியெடுத்து, பழக்கி, தனியாக வாழ்கிறவர்களுக்குத் துணையாகக் கொடுத்துவந்தார். மடியில் அடங்குகிற நாய்கள். திருடனைப் பிடிக்காது, காவல் காக்காது. கூட இருக்கும், அவ்வளவுதான். எட்டு மாதத்துக்கு முன்னால் அவர் இறந்துபோனார். அவர் கடைசியாகப் பழக்கியது கமா. நான் அச்சகத்தில் முப்பது வருடம் பிழை திருத்தியவள். வால் காற்புள்ளி மாதிரி வளைந்து நின்றதால் அந்தப் பெயரை வைத்தேன். பெரியவள், என் மகள், கண்ணாடிக் கடை வேலையை விட்டுவிட்டு அப்பாவின் வேலையை எடுத்துக்கொண்டாள். சின்னவன், என் மகன், பஸ் டிப்போவில் நேர அட்டவணை போடுகிறவன். கமாவை வெளியே கொடுக்கக் கூடாது என்பது அவன் கட்சி. கொடுக்கத்தானே அப்பா பழக்கினார் என்பது அவள் கட்சி. என் கட்சியை இருவருமே கேட்கவில்லை.

அன்றுதான் கமாவைக் கொடுக்கிற நாள்.

ஒரு வார்த்தையைப் பற்றி முதலில் சொல்லியாக வேண்டும். நாயை ஓரிடத்தில் அசையாமல் உட்காரவைக்க ஒரு சொல் வேண்டும். அதிலிருந்து விடுவிக்க இன்னொரு சொல் வேண்டும். இரண்டாவது சொல் வரும்வரை நல்ல நாய் எழுந்திருக்காது. என் கணவர் வழக்கமாக முதலாவதற்கு ‘நில்’ என்பார், இரண்டாவதற்கு ‘ஆச்சு’ என்பார். கமா ‘நில்’லுக்குப் பயந்து மேஜைக்கடியில் போனது. அந்தச் சொல் எப்படிச் சொன்னாலும் அதட்டலாகத்தான் வருகிறது என்றார். ஒரு வாரம் யோசித்து, கமாவுக்கு மட்டும் ‘இரு’ என்று மாற்றினார். அதைச் சொல்லும்போது குரல் தானாக இறங்குகிறதாம்.

நான் ஆட்சேபித்தேன். அந்த வினைச்சொல்லைத் தொடாமல் தமிழில் நாலு வரி பேச முடியாது. இருக்கு, இருந்தது, இருக்கட்டும், இருந்தாலும். நாய் சொல்லின் தலையைத்தான் கேட்கும், வால் அதற்குத் தேவையில்லை. டீயில் சர்க்கரை இருக்கா என்று கேட்டால்கூட இது உட்கார்ந்துவிடும் என்றேன். அவர் சிரித்தார். மறுநாள் கேட்டேன். உட்கார்ந்தது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டுப் பேச்சில் அந்தச் சொல் நின்றுபோயிற்று. ‘பொறு’ என்றோம், ‘ஒரு நிமிஷம்’ என்றோம். சர்க்கரை உண்டா, சாவி எங்கே, மழை வரும்போலத் தோணுது. சின்னவன் பழக்கதோஷத்தில் டிப்போ மேனேஜரிடம் "நாளைக்கு எனக்கு லீவு உண்டா" என்று கேட்டு, ஆறு மாதம் ‘புலவர்’ என்று பெயர் வாங்கினான். வருகிறவர்களுக்கு வாசலிலேயே விஷயத்தைச் சொல்லி உள்ளே விட்டோம்.

அவர் போன பிறகு, போனில் கூப்பிட்டவர்களுக்கு மட்டும் அப்படிச் சொல்லிவைக்க முடியவில்லை. ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவது என் வழக்கம். "சார் இருக்காரா?" என்பார்கள். கமா உட்கார்ந்துகொள்ளும். நான் இல்லை என்று சொல்லி, விவரம் சொல்லி, அவர்கள் வருத்தம் சொல்லி முடிக்கிறவரைக்கும் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும். பிறகு நான் "ஆச்சு" என்பேன்.

கமாவைக் கேட்டிருந்தவர் ஒரு அம்மாள். விண்ணப்பத்தைப் பார்த்தால் இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. அறுபத்தெட்டு வயது. தனியாக வசிக்கிறார். மூன்றாவது மாடி, லிஃப்ட் உண்டு, சத்தமில்லாத வீடு, குரைக்காத நாய் போதும். இரண்டு தடவை துணைநாய் மையத்தின் முற்றத்தில் சந்தித்தோம். இரண்டு தடவையும் அவர் பேச்சே வராமல் கமாவை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். கமா அவர் புடவைத் தலைப்பில் மூக்கை நுழைத்துத் தூங்கிவிட்டது. பெரியவள் ஐந்து கட்டளைச் சொற்களையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தாள்.

விண்ணப்பத்தில் ‘முன்பு பார்த்த வேலை’ என்று ஒரு கட்டம். அதில் ‘டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் ஆபரேட்டர், 31 வருடம்’ என்று எழுதியிருந்தார். மூன்று பேரும் அதைப் படித்தோம். ஒருவருக்கும் உறைக்கவில்லை.

பத்தரை மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். கார் ஓட்டியது சின்னவன். கீழேயே நிற்கிறேன் என்று சொன்னவன், கூடையைத் தூக்கிக்கொண்டு மேலேயும் வந்துவிட்டான்.

ஒரு ஹால், ஒரு படுக்கையறை, நீளமான சமையலறை. ஹாலில் ஜன்னலையொட்டி ஒரு மெத்தை போட்டு, அதன்மேல் பழைய கம்பளி ஒன்றை நாலாக மடித்து வைத்திருந்தார். தண்ணீர்க் கிண்ணம் கனமான பீங்கான், நகராது. ஃபிரிட்ஜ் கதவில் பெரியவளின் தாள் ஒட்டியிருந்தது. ஐந்து சொற்களையும் பாடம் பண்ணிவிட்டதாகச் சொன்னார்.

நாயை ஒப்படைக்க என் கணவருக்கு ஒரு முறை உண்டு. புது வீட்டில் நாங்கள் மூன்று மணி நேரம் உட்காருவோம். நாயைக் கூப்பிடக் கூடாது, தொடக் கூடாது, கட்டளை கொடுக்கக் கூடாது. அதற்குள் அது தானாக ஓரிடம் பார்த்துப் படுத்தால் விட்டுவிட்டு வரலாம். படுக்கவில்லையென்றால் திரும்பக் கூட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும். அந்த நாய்க்கு அந்த வீடு இல்லை, இன்னொரு நாள் முயற்சி கிடையாது. இருபத்தாறு வருடத்தில் நாலு நாய்கள் அப்படித் திரும்பி வந்திருக்கின்றன. கெஞ்சிப் பார்த்தவர்கள் உண்டு. அவர் மாற்றிக்கொண்டதில்லை.

பெரியவள் கூடையைத் திறந்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து நாற்பது. ஒன்று நாற்பதுக்கு முடியும்.

கமா வெளியே வந்து கம்பளியை மோந்தது. சுவரோரமாக ஒரு சுற்றுப் போனது. சோபாவுக்கு அடியில் பார்த்தது. நன்றாகத்தான் ஆரம்பித்தது.

"இருங்க, முதல்ல டீ கொண்டாரேன்," என்றார் அந்த அம்மாள்.

கமா உட்கார்ந்தது.

பெரியவள் என்னைப் பார்த்தாள். அவர் சமையலறைக்குள் போனதும், கைக்குட்டையால் வாயைத் துடைப்பதுபோல மறைத்துக்கொண்டு "ஆச்சு" என்று முணுமுணுத்தாள். கமா எழுந்தது. இது முறைப்படி தப்பு. சின்னவன் விரலைத் தூக்கி ஒன்று என்று காட்டினான்.

டீ வந்தது. சர்க்கரை போதுமா என்று கேட்டு, நாங்கள் போதும் என்றதும் "இருக்கட்டும், இன்னும் அரை ஸ்பூன்" என்றார். கமா உட்கார்ந்தது. யாரோ அழைப்புமணி அடித்தார்கள். "இருப்பா, வரேன்" என்று எழுந்துபோனார். பேப்பர்க்காரரை அனுப்பிவிட்டு வந்து, கண்ணாடி எங்கே என்று தேடி, "இங்கதானே இருந்துச்சு" என்றார். தலையில் இருந்தது. பெரியவளின் கைக்குட்டை ஓயவில்லை. நாலுக்குப் பிறகு சின்னவன் எண்ணுவதை விட்டுவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். அவன் முகம் எதையும் காட்டவில்லை என்று எழுத ஆசைதான். காட்டியது. அவனுக்கு நிம்மதியாக இருந்தது.

சின்ன நாய்க்கு விளையாட்டுக் காட்டுவதும் ஒரு வேலைதான். பந்தை எறிந்துவிட்டு டிவி பார்க்க உட்காருகிற கதை இல்லை. ஓடவிட்டால் கால்தான் களைக்கும், மூக்குக்கு வேலை கொடுத்தால்தான் மனசு களைக்கும் என்பார் என் கணவர். பெரியவள் பழைய துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, பிஸ்கட் தூளை வரிசையாகத் தூவிச் சுருட்டித் தரையில் வைத்தாள். கமா அதை மூக்கால் உருட்டி உருட்டிப் பிரித்தது. அந்த அம்மாள் கைதட்டப் போய், நாய் பயந்துவிடுமென்று உள்ளங்கைகளைச் சேர்த்தே வைத்துக்கொண்டார். அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

"இரு இரு, நானும் ஒண்ணு சுத்தித் தரேன்."

பாதி பிரிந்த துண்டின் முன்னால் கமா நிமிர்ந்து உட்கார்ந்தது. மூக்குக்கு இரண்டு அங்குலத்தில் பிஸ்கட். தொடவில்லை.

அவர் இரண்டாவது துண்டைச் சுருட்டி முதலாவதற்குப் பக்கத்தில் வைத்தார். கமா அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. பெரியவள் இந்தத் தடவை கைக்குட்டையை எடுக்கவில்லை. மூன்று மணி நேரமும் தான் முணுமுணுத்துக்கொண்டே இருந்தால், அது தானாகப் படுத்ததாக எப்படி ஆகும்? அவள் நேர்மையானவள். அது அவள் அப்பாவின் குணம்.

நேரம் போயிற்று. பன்னிரண்டே கால். பன்னிரண்டு ஐம்பது. கமா அந்த இடத்தை விட்டு அசையவில்லை. விடுவிக்க ஆள் இல்லை. நடுவில் அந்த அம்மாள் இன்னும் ஏழெட்டு முறை அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டார். பூட்டின கதவை மறுபடி மறுபடி பூட்டிக்கொண்டே போவதுபோல.

ஒன்றே கால் மணிக்கு அவர் சோபாவில் வந்து உட்கார்ந்தார்.

"ஏம்மா, இதுக்கு என்னைப் பிடிக்கலையா?"

அப்படியில்லை என்று பெரியவள் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லின் தலை, வால், ‘ஆச்சு’, அப்பா, மேஜைக்கடி. அவர் ஃபிரிட்ஜ் கதவைத் திரும்பிப் பார்த்தார். அந்தச் சொல் கட்டளை என்று தனக்குத் தெரியும், அதனால்தான் காலையிலிருந்து ஒரு தடவைகூட அதை வாயில் எடுக்கவில்லை என்றார்.

நாங்கள் மூன்று பேரும் கமாவைப் பார்த்தோம்.

"நான் எங்கம்மா சொன்னேன்? சொன்னா எனக்குத் தெரியாம இருக்குமா?"

சொல்லி முடித்ததும் அவருக்கே கேட்டுவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

எக்ஸ்சேஞ்சில் ஒரு ஷிஃப்ட்டுக்குக் குறைந்தது நானூறு தடவை ‘லைன்ல இருங்க’ சொல்லியிருப்பாராம். குழந்தை பிறந்த சேதி, சாவு சேதி, யாருக்கு எதுவானாலும் முதலில் அதைத்தான் சொல்லியாக வேண்டும். ஓய்வு பெற்ற பிறகு சொல்வதற்கு ஆள் இல்லை.

"பாலைப் பார்த்துச் சொல்றேன், குக்கரைப் பார்த்துச் சொல்றேன். என் வாய்க்கு அது மூச்சு மாதிரி. இதை வெச்சுக்கிட்டா, பாவம், நாள் பூரா உட்கார வெச்சே கொன்னுடுவேன். கூட்டிட்டுப் போயிடுங்க."

சின்னவன் எழுந்து கூடையைக் கையில் எடுத்தான்.

"இன்னும் இருபது நிமிஷம் பாக்கிடா," என்றாள் பெரியவள்.

"அவங்களே சொல்லிட்டாங்கக்கா."

"அப்பா கணக்கு மூணு மணி நேரம். அவங்க சொல்றதும் கணக்கில்ல, நீ சொல்றதும் கணக்கில்ல. கூடையைக் கீழே வை."

வைத்தான். ஆனால் கைப்பிடியை விடவில்லை.

அந்த அம்மாள் டீ கப்புகளைத் தட்டில் அடுக்கினார். போகிற போக்கில் கமாவின் பக்கம் குனிந்து, "இரு கண்ணா, இதைக் கழுவி வெச்சிட்டு வரேன்," என்றார். சொன்னதை அவர் கவனிக்கவில்லை. சமையலறைக்குள் குழாய்த் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது.

கமா சமையலறை வாசலைப் பார்த்தது. பிறகு பெரியவளைப் பார்த்தது. அவள் உதட்டை மடித்துக்கொண்டாள். சின்னவனைப் பார்த்தது. பிறகு என்னை. சொல்லிவிடலாம், மூன்றே எழுத்துதான். எனக்குத் தொண்டைவரை வந்தது. அன்று நான் செய்த ஒரே காரியம் அதைச் சொல்லாமல் விட்டதுதான். சரியா தப்பா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

கமா எழுந்தது.

இரண்டு வருடத்தில் அதை நான் பார்த்ததில்லை. யாரும் ‘ஆச்சு’ சொல்லவில்லை. முன்னங்காலை நீட்டி வைத்தது. ஏதாவது நடக்குமா என்று நின்று பார்த்தது. ஒன்றும் நடக்கவில்லை. பின்னங்காலையும் எடுத்து வைத்து, துண்டுகளைத் தாண்டி, பிஸ்கட்டை மோந்துகூடப் பார்க்காமல் சமையலறைக்குள் போயிற்று.

"அட, வந்துட்டியா," என்று உள்ளே குரல் கேட்டது. "இரு இரு, மிதிச்சிடப் போறேன்."

நாங்கள் வாசலில் போய் நின்று பார்த்தோம். அவர் குழாயடியிலிருந்து அலமாரிக்குப் போனால் கமாவும் போனது. அலமாரியிலிருந்து திரும்பினால் திரும்பியது. ‘இருடா, காலுக்குள்ள வராதே’ என்று சொல்லிக்கொண்டே கப்புகளைக் கவிழ்த்தார். அது உட்காரவில்லை. அந்த வீட்டில் அந்தச் சொல் குழாய்ச் சத்தம் மாதிரி என்று அதற்குப் புரிந்திருக்க வேண்டும். கடைசியில் தொட்டிக்குக் கீழே கிடந்த சாக்கு மிதியடியில் இரண்டு சுற்றுச் சுற்றிப் படுத்துக்கொண்டது.

ஒன்று முப்பத்திரண்டு. பெரியவள் கடிகாரத்தை என்னிடம் காட்டினாள்.

அப்போதுதான் சின்னவன் சொன்னான்.

"இரு."

உரக்கச் சொல்லவில்லை. குரலை இறக்கி, கடைசியில் கொஞ்சம் நீட்டி, அவன் அப்பா சொல்கிற மாதிரியே சொன்னான். அவனுக்கு அப்படி வரும் என்று எனக்குத் தெரியாது. எங்கே, எப்போது பழகினான் என்றும் தெரியாது. எட்டு மாதமாக நான் அந்தக் குரலைக் கேட்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

பெரியவள் அவன் பக்கம் திரும்பவில்லை. கட்டளை கொடுக்கக் கூடாது என்று அவனுக்கு நினைவுபடுத்தவும் இல்லை. அவளும் கமாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அது எழுந்து உட்கார்ந்தால் படுத்தது செல்லாது.

கமாவின் காது நிமிர்ந்தது. தலையைத் தூக்கியது. வாசலில் நின்ற மூன்று பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு, சின்னவனுக்குப் பின்னால், ஹாலில் யாருமில்லாத இடத்தைப் பார்த்தது. வெகுநேரம் என்று எனக்குத் தோன்றியது. பெரியவள் கணக்கில் பத்து வினாடிகூட இல்லை. பிறகு தலையை முன்னங்கால்மேல் இறக்கி வைத்துக்கொண்டது.

அந்த அம்மாள் கையைத் துடைத்தபடி எங்களைப் பார்த்தார். யார் என்ன சொன்னது என்று அவருக்குப் புரியவில்லை. நாய் படுத்திருப்பதைப் பெரியவள் விரலால் காட்டியதும் அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

தாள்களில் கையெழுத்து வாங்க இருபது நிமிடம் ஆயிற்று. கட்டளைச் சொல்லை ‘கல்’ என்று புதிதாகப் பழக்க அடுத்த வாரத்திலிருந்து வருவதாகப் பெரியவள் சொன்னாள். வேண்டாம், எதுவும் பழக்க வேண்டாம், கூடவே வந்தால் போதும் என்றார் அவர். அவர்கள் அதைப் பேசிக்கொண்டிருந்தபோது சின்னவன் கூடையை வைத்துவிட்டு, லிஃப்ட்டுக்குக் காத்திராமல் படியிறங்கிப் போனான்.

நாங்கள் காலிக் கூடையோடு கீழே வந்தபோது கார் நின்ற இடத்தில் நின்றது. அவன் இல்லை. ஓட்டுநர் பக்கக் கதவு பூட்டப்படவில்லை. சாவி சொருகியபடியே இருந்தது. அவனுடைய போன் சீட்மேல் கிடந்தது.

எனக்கு ஓட்டத் தெரியாது. பெரியவளுக்கும் தெரியாது. பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தோம், நடுவில் கூடை. தெரு இரண்டு பக்கமும் நேராகப் போனது, மதிய வெயிலில் ஆள் நடமாட்டம் இல்லை. இரண்டேகால் ஆயிற்று. இரண்டே முக்கால்.

"டிப்போவுக்குப் போயிருப்பானோ. ஒரு ஆட்டோ பிடிச்சுப் போய்ப் பார்க்கலாமாம்மா?"

"வேண்டாம்," என்றேன். "கொஞ்ச நேரம் இருப்போம்."